பிரமாணமும் படக்குறிப்பும்: வ்யாக்யான ஆய்வில் ஆகரம் காட்டும் நெறி

எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டருளிய காலத்தில் நிகழ்ந்ததொரு வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரத்தை ஆழ்வாருடைய வெறுப்பின் வெளிப்பாடாக ஆண்டான் விளக்கினார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் ப்ரீதியிலே செல்லுகையால் நடுவில் உள்ள இதுவும் எம்பெருமான் செய்த உபகாரத்தை நினைந்து பேசியதாகவே இருக்கவேண்டும் என்று எம்பெருமானார் விண்ணப்பம் செய்தார். ஆளவந்தாரிடம் தாம் கேட்டிராத பொருள் இது என்றும், இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்றும் சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். பின்னர்த் திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, அப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று கூறினார். அதன் பிறகே காலக்ஷேபம் தொடர்ந்தது.

எம்பெருமானாருடைய பெருமையைக் காட்டவே இவ்வரலாறு பெரும்பாலும் எடுத்துக் கூறப்படுகிறது. ஆயினும் இதனுள் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. பொருள் நயமுடையதா என்பது அன்று எழுந்த கேள்வி அன்று. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. தீர்வும் அவ்வழியிலேயே வந்தது. யார், யாரிடம் கேட்டார் என்பதற்கு ஒரு ஸாக்ஷி கிடைத்தவுடன் ஆண்டானுடைய ஐயம் நீங்கிற்று. இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளுக்கு மூலம் காட்டுவதும் படத்திற்குக் குறிப்பு எழுதுவதும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த வெறும் சடங்கு என்று கருதுவோர் உளர். வ்யாக்யான மரபை ஊன்றிப் பார்த்தால் அக்கருத்து நில்லாது. ஆகரம் காட்டுவது ஸம்ப்ரதாயத்தின் உள்ளேயே பிறந்த ஒழுக்கம். அது தளர்ந்த இடங்களில் ஆசார்யர்கள் சொல்லாதது அவர்கள் பெயரில் ஏறுகிறது.

பூர்வர்கள் காட்டிய வழி

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே பாஷ்யகாரர் தமது நூலுக்கு மூலத்தைக் கூறிவிடுகிறார். பகவத் போதாயனர் ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு விரிவானதொரு வ்ருத்தி செய்தார் என்றும், பூர்வாசார்யர்கள் அதனைச் சுருக்கினார்கள் என்றும், அவர்களுடைய கருத்தைப் பின்பற்றியே தாம் ஸூத்ரங்களின் சொற்களுக்குப் பொருள் உரைப்பதாகவும் அங்கே ப்ரதிஜ்ஞை செய்கிறார். எடுத்துக்கொண்ட நூல் எது, அது எவ்வழியாகத் தம்மை வந்தடைந்தது, அதில் தாம் செய்வது யாது என்ற மூன்றும் அவ்வொரு தொடக்கத்தில் அடங்கிவிடுகின்றன. இன்றைய ஆய்வாளர் தம் முன்னுரையில் செய்யவேண்டிய காரியமும் இதுவே.

ஈடு முப்பத்தாறாயிரப்படியில் இவ்வொழுக்கம் இன்னும் நுட்பமாக வளர்ந்துள்ளது. ஒரே பாசுரத்திற்கு இரண்டு மூன்று நிர்வாஹங்கள் உள்ள இடங்களில் அவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே பொருளாக ஆக்கிவிடும் வழக்கம் அங்கே இல்லை. ஆளவந்தார் அருளிச்செய்தது, எம்பெருமானார் அருளிச்செய்தது, எம்பார் அருளிச்செய்தது, பட்டர் அருளிச்செய்தது என்று ஒவ்வொன்றும் உரியவர் பெயரோடு நிற்கும். மேலே கூறிய பாசுரத்திற்கும் ஆண்டானுடைய பொருளும் எம்பெருமானாருடைய பொருளும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. பின்னது ஏற்கப்பட்டது என்பதற்காக முன்னது மறைக்கப்படவில்லை. ஏற்கப்படாத பொருளுக்கும் உடையவர் இன்னார் என்று எழுதிவைத்த நேர்மையே அந்நூலைக் கற்பவர்க்கு ஆராய்ச்சிக் கருவியாகவும் ஆக்குகிறது.

இதற்கு எதிர்மறையான விதியை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் வைத்தருளினார். முன்னோர் மொழிந்த முறையைக் கேட்டு உணர்ந்து அதன்படி பேசாமல், தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, அதுவே பரம்பரையாக வந்த உபதேசம் என்று கூறுவோரை அவர் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறார். அக்கண்டனத்தின் குறி எங்குள்ளது என்பதைக் கவனிக்கவேண்டும். தமக்குத் தோன்றியதற்குப் பரம்பரையின் பெயரைச் சூட்டுவதே அங்கே பெருங்குற்றமாகிறது. ஆகரம் இன்றி, பூர்வாசார்யர்கள் இவ்வாறு அருளிச்செய்துள்ளனர் என்று பொதுப்பட எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் இக்கண்டனத்தின் எல்லையருகே நிற்கிறது. எழுதியவர் உண்மையாகவே எங்கேனும் படித்திருக்கலாம். ஆனால் வாசிப்பவருக்கு அதனைத் தெரிந்துகொள்ளும் வழி இல்லை.

ஓர் ஆக்ஷேபமும் ஸமாதானமும்

வ்யாக்யாதாக்கள் பிரமாணங்களை எடுக்கும்போது காண்டமும் ஸர்க்கமும் எண்ணும் கூறவில்லையே, ஒரு ச்லோகத்தின் முதற்சொல்லை மட்டும் எடுத்து ‘என்கிறபடியே’ என்று முடித்துவிடுகிறார்களே, அவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடு நமக்கு ஏன் என்ற ஆக்ஷேபம் எழலாம். இது எளிதில் தள்ளத்தக்க ஆக்ஷேபம் அன்று.

நம்பிள்ளையின் கோஷ்டியில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஸ்ரீராமாயணமும் ஸ்ரீவிஷ்ணுபுராணமும் ஸ்தோத்ரங்களும் நாவில் இருந்தன. முதற்சொல் காதில் விழுந்தவுடன் ச்லோகம் முழுவதும் அவர்கள் நெஞ்சில் எழும். அக்கோஷ்டிக்கு முதற்சொல்லே போதிய ஆகரம். காலம் மாறிக் கேட்போர் நிலை மாறியபோது என்ன செய்யவேண்டும் என்பதையும் ஸம்ப்ரதாயமே காட்டியது. 1370இல் அவதரித்து 1443இல் திருநாட்டுக்கு எழுந்தருளிய மணவாள மாமுனிகள், ஈட்டில் எடுக்கப்பட்ட பிரமாணங்களைத் தேடித் தொகுத்து ஈட்டுப் பிரமாணத் திரட்டை அருளிச்செய்தார். ஈடு முழுவதும் திருவுள்ளத்தில் நிலைபெற்ற அவருக்கு அத்திரட்டு தேவைப்பட்டிராது. பின்வருவோருக்குத் தேவை என்றே அதனைச் செய்தார். அதன் பின்னர் எழுந்த அரும்பதவுரைகளும், அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் மேற்கோளின் அருகே இட்ட எண்களும் அதே தொண்டின் தொடர்ச்சி. ஆகவே பூர்வர்கள் எண் இடவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுவோர், பூர்வர்களே அக்குறையை நிறைவு செய்ததையும் சேர்த்துக் காட்டவேண்டும்.

பெயரிலும் எண்ணிலும் நேரும் குழப்பம்

ஆகரம் காட்ட முற்படுவோரும் அரைகுறையாகக் காட்டுவதால் விளையும் குழப்பம் சிறிதன்று. முதலாவது, பெயர். ஈட்டில் ஜீயர் என்றால் நஞ்சீயர். பிற்கால நூல்களில் அச்சொல் மணவாள மாமுனிகளைக் குறிக்கக்கூடும். ஆண்டான் என்பது இடத்திற்கேற்பத் திருமாலையாண்டானாகவும் முதலியாண்டானாகவும் ஆகும். ஆசார்ய ஹ்ருதயம் அருளிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும், பன்னீராயிரப்படி அருளிய வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரும், மாமுனிகளும் ஒரே திருநாமத்தின் சாயல் கொண்டவர்கள். அழகிய மணவாளர் கூறுகிறார் என்று மட்டும் எழுதினால் மூவரில் எவர் என்பது விளங்காது. ஈட்டுக்கே ஆசிரியர் யார் என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். நம்பிள்ளை அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை பட்டோலை கொண்டார். சிலர் ஒருவர் பெயரையும் சிலர் மற்றவர் பெயரையும் இட்டால், இரண்டு நூல்கள் உள்ளன என்று புதிதாகப் பயில்வோர் மயங்குவர். சொன்னவரையும் எழுதியவரையும் சேர்த்துக் குறிப்பதே முறை.

இரண்டாவது, பாசுர எண். நாலாயிரத்தின் தொடர் எண்ணை மட்டும் தருவது மிகப் பரவலான வழக்கம். சிறிய திருமடலை 40 ஆகவும் பெரிய திருமடலை 78 ஆகவும் எண்ணும் பதிப்பில் திருவாய்மொழியின் முதற்பாசுரம் 2791ஆவது ஆகிறது. ஒவ்வொரு மடலையும் ஒரே பாட்டாக எண்ணினால் அதே பாசுரம் 2675ஆவது ஆகிறது. மடல்களை முற்கூறியபடி எண்ணி, இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களையும் திருவாய்மொழிக்கு முன்னே வைத்தால் அது 2899ஆவது ஆகிவிடும். மூன்று எண்களும் சரியே. எந்தப் பதிப்பு என்று கூறாதபோது மூன்றும் பயனற்றவை. பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்று 1-1-1 என்பது போலத் தரும் முறையே எப்பதிப்பிலும் மாறாமல் நிற்கிறது.

வடமொழிப் பிரமாணங்களிலும் இதே நிலைதான். பராசர பட்டர் வ்யாக்யானம் அருளிய ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமம் மஹாபாரதத்தின் ஆநுசாஸனிக பர்வத்தில் உள்ளது. வழக்கிலுள்ள வடநாட்டுப் பாடத்தில் அது 149ஆம் அத்யாயம். பூனா பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பில் 135ஆம் அத்யாயம். மேலும், அவ்வாய்வுப் பதிப்பில் மூலத்திலிருந்து விலக்கப்பட்டுக் கீழே அடிக்குறிப்பாகவோ பின்னிணைப்பாகவோ வைக்கப்பட்ட ச்லோகங்கள் பல உண்டு. ஆசார்யர்கள் தென்னாட்டுப் பாடத்தைக் கொண்டு எடுத்த ஒரு ச்லோகத்தை ஆய்வுப் பதிப்பில் மட்டும் தேடிவிட்டு, அது மூலத்தில் இல்லை என்று எழுதுவது அவர்கள்மீது இல்லாத பழியைச் சுமத்துவதாகும். தேடிய பதிப்பின் பெயரைக் கூறி, அதில் காணப்படவில்லை என்று எழுதுவதே பொருந்தும்.

மூன்றாவது, கண்ட நூல் ஒன்றாகவும் காட்டும் நூல் ஒன்றாகவும் இருப்பது. பு. ரா. புருஷோத்தம நாயுடு செய்து சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ஈட்டின் தமிழாக்கம் மணிப்ரவாளம் அறியாதோருக்குப் பேருதவி. ஆனால் தமிழாக்கத்தின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஈடு என்று மட்டும் குறித்தால், நாயுடு தேர்ந்த சொல் நம்பிள்ளையின் சொல்லாகிவிடும். ஒரு சொல்லின்மேல் வாதம் கட்டப்படும்போது இது சிறு பிழையாக நில்லாது. இரு கலையாருக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக நடந்த வாதங்களில் ஒரு சொல்லின் பொருளே ஸித்தாந்தத்தைத் தாங்கி நின்றதுண்டு. மூலச்சொல்லை எதிர்வாதி சென்று பார்க்க இயலாதபோது வாதம் வெறும் பூசலாகவே முடியும்.

எல்லை காட்டிய ஓர் உரை

ஆகரம் காட்டும் நெறிக்கு மிக உயர்ந்த சான்று பெரியாழ்வார் திருமொழியின் வ்யாக்யானத்தில் உள்ளது. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரம் முழுவதற்கும் உரை அருளியவர். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழிக்கான உரையின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அக்குறையை நிறைவு செய்தபோது நூல் முழுவதற்கும் புதிதாக உரை எழுதியிருக்கலாம். அதனைத் தடுப்பார் எவரும் இலர். அவரோ அழிந்த பகுதிக்கு மட்டும் உரை செய்து, பிள்ளையின் உரை எஞ்சி நின்ற இடத்தோடு தம் உரையை நிறுத்திக்கொண்டார். தம்முடையது எதுவரை, முன்னோருடையது எதுமுதல் என்ற எல்லை அங்கே தெளிவாக உள்ளது. அவ்வெல்லையைக் காட்டாமல் அந்நூலின் உரை முழுவதையும் ஒருவர் பெயரில் எடுத்தாளுதல், மாமுனிகள் காத்த மரியாதையைக் காவாமல் விடுவதாகும்.

அர்ச்சையின் படமும் அதன் குறிப்பும்

மேற்கோளில் ஓரளவு கவனம் செலுத்தும் கட்டுரைகளும் படங்களில் அதனைக் கைவிட்டுவிடுகின்றன. எழுத்துக்கு அணியாகப் படம் சேர்க்கப்படுகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆய்வில் படமும் ஒரு பிரமாணம். பிரமாணத்திற்குரிய அனைத்தும் அதற்கும் வேண்டும்.

எம்பெருமானாரின் திருமேனிகளை எடுத்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்பூதூரில் தானுகந்த திருமேனி, திருநாராயணபுரத்தில் தமருகந்த திருமேனி, திருவரங்கத்தில் தானான திருமேனி என்று மூன்றையும் ஸம்ப்ரதாயம் பெயரிட்டுப் பிரித்து வைத்துள்ளது. ஒவ்வொரு பெயருக்கும் தனி வரலாறு உண்டு. தானான திருமேனியைப் பற்றிய பத்தியின் அருகே ஸ்ரீபெரும்பூதூர்த் திருமேனியின் படத்தை வைத்து, ஸ்ரீராமாநுஜர் என்று மட்டும் குறித்தால், எழுத்து ஒன்றைச் சொல்லப் படம் மற்றொன்றைச் சொல்லும்.

இடவல மாற்றம் இதனினும் நுட்பமானது. நான்கு திருக்கைகளில் சங்கு, சக்கரம், கதை, பத்மம் என்னும் நான்கையும் வெவ்வேறு வரிசையில் ஏந்துவதால் கேசவன் முதலான இருபத்து நான்கு மூர்த்திகள் பிரிக்கப்படுகின்றனர். நான்கு பொருள்களை நான்கு கைகளில் வைக்கும் முறைகள் சரியாக 24. ஒவ்வொன்றும் ஒரு திருநாமத்திற்கு உரியது. படத்தை அச்சிடும்போது இடவலம் மாறிவிட்டால் வலக்கையில் உள்ளவை இடக்கைக்கும் இடக்கையில் உள்ளவை வலக்கைக்கும் செல்கின்றன. அப்போது அந்த 24இல் எதுவும் தானாக நில்லாது. ஒவ்வொன்றும் வேறொரு மூர்த்தியாகிவிடும். கல்லில் கேசவனாக எழுந்தருளியிருப்பவர் தாளில் வேறொரு திருநாமம் பெறுவார். ஆயுத வரிசையும் நூலுக்கு நூல் வேறுபடுவதால், எந்த ஸம்ஹிதையை அல்லது புராணத்தைக் கொண்டு பெயர் இடப்பட்டது என்பதையும் படக்குறிப்பு கூறவேண்டும்.

சயனத் திருக்கோலத்திலும் இவ்வாறே. திருவரங்கத்தில் பெரிய பெருமாள் மேற்கே திருமுடி வைத்துத் தென்திசை நோக்கிக் கண்வளர்ந்தருளுகிறார். ஸேவிப்பவருக்குத் திருமுடி இடப்புறம் தோன்றும். கச்சித் திருவெஃகாவிலோ திருமழிசையாழ்வார் சொற்படி பாயைச் சுருட்டிச் சென்று, மீண்டு வந்ததன் அடையாளமாக எம்பெருமான் மாறிச் சயனித்தருளுகிறார். அரங்கத்துப் படம் ஒன்று இடவலம் மாறி அச்சானால் திருவெஃகாவின் சிறப்பு அரங்கத்திற்கு ஏறிவிடும். மூலவரைப் படம் எடுக்கும் வழக்கம் திவ்யதேசங்களில் இல்லாமையால் மூலவர் என்று வெளியாகும் படங்களுள் பல ஓவியங்களே. அவற்றை ஓவியம் என்றே குறித்து, வரைந்தவர் பெயரும் காலமும் தெரிந்தால் சேர்க்கவேண்டும். ஓவியரின் கற்பனையை அர்ச்சாவதாரத்தின் சான்றாகக் கொள்ளலாகாது.

அட்டவணைகளும் இதற்கு விலக்கு அல்ல. திருவாய்மொழி வ்யாக்யானங்களை 6000, 9000, 12000, 24000, 36000 என்று நிரைப்படுத்தி, இவை எதன் எண்ணிக்கை என்று கூறாமல் விட்டால், பாட்டின் எண்ணிக்கை என்றோ வரியின் எண்ணிக்கை என்றோ வாசிப்பவர் கொள்வர். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட கிரந்தமே படி என்னும் அளவு என்று ஒரு வரி அட்டவணையின் கீழ் இருந்தால் அம்மயக்கம் எழாது. ஓலைச்சுவடியின் படத்திற்கும் காப்பகத்தின் பெயர், சுவடி எண், ஏட்டின் எண், முன்பக்கமா பின்பக்கமா என்பது, எழுத்து கிரந்தமா தமிழா தெலுங்கா என்பது ஆகியவை இன்றியமையாதவை. இவை இல்லாத சுவடிப் படம் பழைமையை மட்டும் காட்டும், பாடத்தை நிலைநாட்டாது.

பெயர் பொறித்த சிற்பமும் பொறிக்காத சிற்பமும்

திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த கச்சிப் பரமேச்சுர விண்ணகரம் இவ்விஷயத்தில் ஒரு பாடமாக விளங்குகிறது. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில் எழுந்த இத்திருக்கோயிலின் சுற்று மண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு நிரல்நிரலாகச் செதுக்கப்பட்டுள்ளது. நந்திவர்மன் அரசேற்ற வரலாற்றைக் காட்டும் சிற்பங்களோடு அந்நிகழ்ச்சிகளை விளக்கும் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. படத்தின் அருகிலேயே அதன் விளக்கத்தை வைக்கும் வழக்கம் இந்நாட்டில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சி. மீனாட்சி எழுதி 1941இல் தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு, எழுத்துள்ள சிற்பங்களைக் கொண்டு எழுத்தில்லாத சிற்பங்களையும் பல்லவ வரலாற்றோடு பொருத்திப் பார்த்தது. டென்னிஸ் ஹட்ஸன் எழுதி 2008இல் வெளிவந்த நூல், விமானத்துச் சிற்பங்களைப் பாகவத புராணத்தோடும் பாஞ்சராத்ரத்தோடும் ஆழ்வாருடைய பாசுரங்களோடும் சேர்த்துப் படித்து, கோயில் முழுவதையும் ஒரு தத்துவ அமைப்பாகக் கண்டது. இரண்டும் பெருமுயற்சிகள். எழுத்துப் பொறித்த இடத்தில் கல்லே பேசுகிறது. பொறிக்காத இடத்தில் ஆய்வாளர் பேசுகிறார். இவ்வேறுபாட்டைப் பின்வரும் கட்டுரைகள் காக்கவேண்டும். ஹட்ஸன் ஊகித்துக் கூறிய பெயரை அவர் பெயர் இல்லாமல் படத்தின் கீழே அச்சிட்டால், அடுத்த கட்டுரையில் அது கல்லின் சான்றாகிவிடும். அதற்கடுத்த கட்டுரையில் அதன்மேல் ஒரு ஸித்தாந்தமும் எழும். ஈட்டின் நெறியை இங்கே அப்படியே கைக்கொள்ளலாம். பட்டர் நிர்வாஹம் என்று எழுதுவது போலவே இது மீனாட்சியின் கருத்து, இது ஹட்ஸனின் கருத்து என்று படக்குறிப்பில் எழுதவேண்டும்.

செய்யத்தக்கது

நூலிலிருந்து எடுத்ததற்கு நூலின் பெயர், அருளிச்செய்தவர், பதிப்பித்தவர், பதிப்பாண்டு, பதிப்பைச் சாராத உட்பிரிவு எண் ஆகியவை வேண்டும். மற்றொருவர் நூல் வழியாகக் கண்டதற்கு இருவர் பெயரும் வேண்டும். தேடியும் ஆகரம் கிடைக்காத மேற்கோளுக்கு, தேடிய நூல்களைச் சொல்லி, ஆகரம் கிடைக்கவில்லை என்று எழுதுவதில் இழிவு ஏதும் இல்லை. பின்னொருவர் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க அதுவே வழி. படத்திற்கு இடம், பொருள், எடுத்தவர், எடுத்த காலம், பெயரிட்டதற்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். காலக்ஷேபத்தில் ஆசார்யனிடம் கேட்டதை எழுத நேர்ந்தால், அவருடைய அநுமதியோடு அவர் திருநாமத்தையும் இட்டு, கேள்வி என்றே குறிக்கவேண்டும். செவிவழிச் செய்தி தாழ்ந்த பிரமாணம் என்பது வ்யாக்யான மரபில் என்றும் கொள்கையாக இருந்ததில்லை. திருக்கோட்டியூர் நம்பி தாம் கேட்டதையே ஸாக்ஷியாகச் சொன்னார். கேட்டவரும் சொன்னவரும் யார் என்பது அங்கே விளங்கியிருந்ததால் ஆண்டான் அதனை ஏற்றார்.

இவ்வளவையும் செய்வதால் கட்டுரை நீளும்; எழுதுவோர்க்கு உழைப்பும் கூடும். அவ்வுழைப்பு தேவையில்லை என்போர், ஈடு முழுவதும் தம் திருவுள்ளத்தில் இருந்தும், பிறருக்காக ஒவ்வொரு பிரமாணமாகத் தேடித் திரட்டிய மாமுனிகளின் செயலுக்கு என்ன காரணம் கூறுவர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.